மேல்படியில் ராஜா மட்டும்

மைசூர், சரஸ்வதிபுரம்
நவராத்திரி நான்காம் நாள்

சௌபாக்யவதி வத்ஸலாவுக்கு,

சக்ரபாணி எழுதுவது. நான் சௌக்கியம், அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் ஆரம்பித்திருக்கிறேன்.

உன் மெயில் வந்தது. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஜோக் அடிப்பேன், நீ சிரிப்பாய், விஷயம் அங்கேயே நின்றுவிடும். கல்யாணமான நாளிலிருந்து நம் வீட்டு நடைமுறை அது. அதனால்தான் புளிக்காய்ச்சல் பார்சலோடு இந்தக் கடிதம்.

எடின்பரோ கல்படியில் நீ வழுக்கி விழுந்ததும், கைகொடுக்க ஓடிவருகிறார் என்று நினைத்த ஆள் கோட்டையைப் படம் பிடித்துக்கொண்டு போனதும் படித்துச் சிரித்தேன். முதல் மாதம் ஹீட்டரைக் கட்டிக்கொண்டு அழுதவள், இப்போது முந்நூறு வருஷத்துக் காகிதத்தைக் கிழியாமல் பிரித்து, பழஞ்சுவடி செப்பனிடும் வகுப்பில் கைதட்டு வாங்கியிருக்கிறாய். கூடப் படிக்கும் பசங்கள் உன்னை 'வேட்ஸ்' என்று கூப்பிடுகிறார்களாமே. எனக்கு இத்தனை வருஷத்தில் 'இங்கே பாரு' என்பதைத் தாண்டத் தோன்றவில்லை.

பெருமாளுக்குத் தினமும் தளிகை நடக்கிறது. வெறும் புளித்தண்ணீராக நான் வைக்கிற சாத்தமுதை அவர் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார் என்று தெரியவில்லை. கல்லாக இருப்பதில் ஒரு சௌகரியம்.

இந்த வருஷம் கொலு வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ நவராத்திரிக்குள் வந்துவிடுவாய் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தவன் நான்தானே. கொலுவையாவது வைத்து ஊர் வாயை அடைக்கலாம் என்று பரண் ஏறினேன். இறங்குவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது.

உன் அம்மா கல்யாணத்தில் கொடுத்த பட்டத்து ராஜாவும் ராணியும் மேல்படி ஏறிய பிறகுதான் மற்ற பொம்மைகளுக்கு இடம் என்பது உன் சட்டம். பெட்டியில் ராஜா இருந்தார். ராணி இல்லை. அவளைச் சுற்றியிருந்த பழைய வேஷ்டித் துண்டு மட்டும் மடித்து வைத்திருந்தது. எலியின் வேலை என்று வெகுநேரம் எலியைத் திட்டினேன். எலி துணியை மடித்து வைக்காது என்பது பிறகுதான் உறைத்தது.

எதிர்வீட்டுக் கனகா மாமி வந்தாள். மஞ்சள் குங்குமம் கொடுக்க ஆளில்லை என்று தானே எடுத்து இட்டுக்கொண்டாள். மேல்படியைப் பார்த்து, "ஏண்டா சக்ரபாணி, ராஜா ஒண்டியா நிக்கறாரே, ராணி எங்கேடா போயிட்டா?" என்று கேட்டாள். வெளிநாட்டில் படிக்கிறாள் மாமி என்றேன். மாமி சிரித்த சிரிப்பில் சுண்டல் தரையெல்லாம் சிந்தியது. நான்தான் பெருக்கினேன்.

பெருக்கும்போது ஒரு யோசனை வந்தது. நீ கிளம்பியது ஜனவரியில். சின்னப் படிப்புதான், கொலுவுக்கு வந்துவிடுவேன் என்று விமான நிலையத்தில் சொன்னாய். நவராத்திரிக்கு மட்டும் வெளியே எடுக்கிற பொம்மையை, நவராத்திரிக்குத் திரும்பி வருகிறவள் ஜனவரியிலேயே எடுத்துப் போவாளா?

நாலு வருஷ ஆராய்ச்சிக்குக் கூப்பிடுகிறார்கள், நீங்கள் சரி என்றால்தான் சேருவேன் என்று போன வாரம் எழுதியிருக்கிறாய். அந்த மெயிலை மறுபடி எடுத்துப் படித்தேன். ரொம்ப மரியாதையான மெயில்.

ஞாயிற்றுக்கிழமை ஸுமந்த் பெங்களூரிலிருந்து வந்தான். அம்மா வரமாட்டாள் என்று உனக்கு முன்னாலேயே தெரியுமாடா என்று கேட்க வாயெடுத்து, காப்பி வேணுமாடா என்று கேட்டு முடித்தேன். தெரியும்ப்பா என்று பிள்ளை சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அதே நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருப்பது?

ஆராய்ச்சியில் சேர்ந்துகொள். என்னைக் கேட்டுக்கொண்டு சேர்ந்ததாக மட்டும் யாரிடமும் சொல்லாதே. பெரிய பேர் வாங்கு, உடம்பைப் பார்த்துக்கொள். இதை மனதாரச் சொல்கிறேன். முக்கால்வாசி மனதார; மீதி வயிற்றெரிச்சல், அதையும் ஆசீர்வாதத்தில் சேர்த்துக்கொள்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருவதானால் முன்கூட்டிச் சொல். வராவிட்டாலும் முன்கூட்டிச் சொல்.

இப்படிக்கு,
சக்ரபாணி