கண்டக்டர் படித்த குதிரை

கண்டக்டரே,

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு பிசகிவிட்டது. மருமகள் என்னைப் புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கட்டுப் போடுகிறவர் முட்டை வெள்ளையையும் அரைத்த பச்சிலையையும் குழைத்துத் துணியில் தடவினார் பாரு, அந்த வாசனை மூக்கில் ஏறியதும் மணிக்கட்டு வலி எங்கே போனது என்றே தெரியவில்லை. எந்தக் காலத்திலோ ஒட்டிப்போன வலது கால்தான் விண் விண் என்றது.

பக்கத்து பெஞ்சில் இரண்டு காலேஜ் பெண்கள். ஒருத்திக்குப் பாதத்தில் கட்டு. ஏதோ மந்திரக் கதை, தடிப் புத்தகமாம், அதைப் படமாக எடுத்துக் கெடுத்துவிட்டார்களாம்.

"புக்குல அவ எவ்ளோ தைரியசாலி தெரியுமாடி? படத்துல எப்பப் பாரு அழுதுகினே கீறா."

"மூணு மணி நேரத்துல எல்லாத்தையும் காட்ட முடியுமா? போடி."

"அப்ப எதுக்கு எடுக்கறானுங்க?"

கட்டுப் போட்ட காலை மறந்து அவள் எழுந்து நிற்கப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் ஒரு நாள் இப்படி எழுந்து நின்றவன்தானே என்று யாரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தேன். சொன்னால் புரிகிற ஆள் நீ ஒருத்தன்தான். நீதான் இல்லை. அதனால் உனக்கே சொல்கிறேன். நான் கைநாட்டு என்பது உனக்குத் தெரியும். மருமகள் திருத்தணிப் பெண், தமிழ் எழுதுவாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். பேரப்பிள்ளைகளுக்குத் தெலுங்கு எழுத்துதான்.

நமக்குக் கால் உடைந்த அந்த வருஷம் நான் புளியமரத்தில் புளி உலுக்கப் போய் விழுந்தேன். நீ நகரியில் பஸ் மேலே மூட்டை கட்டிவிட்டு ஏணியில் இறங்கும்போது வழுக்கி விழுந்தாய். புத்தூர் கட்டுக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு விடுகிற ஒரே அறையில் இரண்டு பேரையும் கிடத்தினார்கள். எனக்கு வலது கால், உனக்கு இடது கால். முதல் நாள் நீ என்னைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சே, "நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து வச்சா ஒரு முழு ஆளு நடந்து போவான் நைனா" என்பதுதான். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. மூங்கில் தப்பை வைத்துக் கட்டியிருக்கிற காலோடு கிடப்பவனுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது!

வாசலில் அடுப்பு வைத்து என் வீட்டுக்காரி சமைப்பாள். உனக்கும் சேர்த்துத்தான். பக்கத்து அறைகளில் ஒரே சண்டை. ஆந்திரா தனியாகப் பிரிந்துவிட்டது, திருத்தணி யாருக்கு, புத்தூர் யாருக்கு, சித்தூர் யாருக்கு என்று கை உடைந்தவனும் கால் உடைந்தவனும் படுத்தபடியே கத்துவார்கள். "நம்ம காலு ஒட்டறதுக்குள்ள இவனுங்க ஊரை உடைச்சிடுவானுங்க" என்று சொல்லிவிட்டு நீ உன் புத்தகத்தை எடுத்துக்கொள்வாய். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை ஒன்றாகச் சேர்த்துத் தைத்த பழைய புத்தகம். உனக்குள்ளேயே படித்துக்கொண்டிருந்த உன்னிடம், "எனக்கும் கேக்கறாப்ல படியேன்" என்று கேட்டது நான்தான்.

என்ன கதை அது! ஒரு தேசத்து ஜனங்களுடைய நிழலையெல்லாம் ஒரு மந்திரக்காரி திருடிக்கொண்டு போய்விடுகிறாள். நிழல் இல்லாதவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பேரையே மறந்துபோவான். நிழல்களை மீட்க இளவரசன் ஒரு வெள்ளைக் குதிரையில் கிளம்புகிறான். மத்தியானச் சாப்பாடு ஆனதும் நீ படிக்க ஆரம்பிப்பாய். ஒரு பாகம் முடிந்தால், பஸ்ஸில் தட்டுவதுபோலச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்" என்று மூடிவிடுவாய். மறுநாள் மத்தியானம்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது.

ஒரு நாள் கட்டுப் பிரித்தார்கள். உன் எலும்பு சேர ஆரம்பித்திருந்தது. என்னுடையது சேரவில்லை. மறுபடியும் இழுத்துக் கட்ட வேண்டும் என்றார் வைத்தியர். அப்புறமும் சேராவிட்டால் என்று என் வீட்டுக்காரி கேட்டதும் அவர் கை கழுவப் போய்விட்டார். நொண்டியை வைத்துக்கொண்டு எந்த ஏரைப் பூட்டுவது? நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். சோறு வேண்டாம் என்றேன். வீட்டுக்காரி அடுப்பை ஊதுகிற சாக்கில் அழுதாள்.

அன்றைக்கும் நீ புத்தகத்தைத் திறந்தாய். இளவரசன் கணவாய் ஏறுகிறான். பாறை வழுக்குகிறது. குதிரைக்கு முன்னங்கால் உடைந்துபோகிறது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் காது அங்கேதான் இருந்தது. கூட வந்தவர்கள் விட்டுவிட்டு வா என்கிறார்கள். இளவரசன் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறான். மூங்கில் வெட்டிக் கட்டுப் போடுகிறான். மறுநாளும் குதிரை படுத்தே கிடந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. மழை வந்தது, இளவரசன் தன் மேலாடையைக் குதிரைக்குப் போர்த்தினான்.

"இன்னா கதைய்யா இது, குதிரை எழுந்துக்கவே மாட்டேங்குது?" என்று நான்தான் கடைசியில் வாய் திறந்தேன்.

"கதைன்னா மட்டும் எலும்பு சீக்கிரம் ஒட்டுமா நைனா? நீ மொதல்ல துன்னு. குதிரையே கொள்ளு துன்னுகினு கீது."

தின்றேன். என் எலும்பு சேர்ந்தது. குதிரையும் எழுந்தது, நொண்டி நொண்டித்தான். மந்திரக்காரியின் கோட்டை வாசலில் கண் தெரியாத காவல்காரர்கள். குதிரைக் குளம்புச் சத்தத்துக்கென்றே காதைத் தீட்டி வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள். நொண்டிக் குதிரையின் நடையை யாரோ கிழவி கம்பு ஊன்றி வருகிறாள் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில் நான் கைதட்டியதில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தான்.

இருவரும் நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் நீ ஆள் அனுப்பினாய். நம் கதையைத் தெலுங்கில் படமாக எடுத்திருக்கிறார்கள், புத்தூர் கொட்டாய்க்கு வந்திருக்கிறது என்று. என் ஊர் கார்வேட்டிநகரத்திலிருந்து கம்பு ஊன்றிக்கொண்டு பஸ் ஏறி வந்தேன். மண்ணில் உட்கார்ந்து பார்த்தோம். நிழல்கள் பறந்து போவதை எடுத்திருந்த விதத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். அப்புறம் கணவாய் வந்தது. பாறை வழுக்கியது. குதிரை பள்ளத்தில் விழுந்து செத்தது. இளவரசன் ஒரு துளிக் கண்ணீர் விட்டான். அடுத்து டான்ஸ்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஏய், குதிரை சாவாதுய்யா!"

"கூர்ச்சோ அன்னா!" என்று உட்காரச் சொல்லிப் பின்னாலிருந்து கத்தினார்கள். நீ என் வேட்டியைப் பிடித்து இழுத்தாய்.

படம் விட்டதும் எதிர் டீக்கடையில் ஒரே கூட்டம். கதையைப் படித்தவர்களெல்லாம் படத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். மந்திரக்காரி குண்டாக இருக்கிறாள் என்றான் ஒருவன். கடைத்தெரு டைலர் ஒருவன் அவர்களுக்கெல்லாம் தலைவன் மாதிரி பேசிக்கொண்டிருந்தான். நான் உள்ளே புகுந்தேன்.

"அதெல்லாம் கிடக்கட்டும். குதிரையை இன்னாத்துக்குக் கொன்னானுங்க?"

டைலர் சிரித்தான். "கதையிலயே அது செத்துப்பூடும் அண்ணே. ரெண்டே வரி."

"நீ சரியாப் படிக்கல."

"நீ படிச்சியா?"

கூட்டம் என்னைப் பார்த்தது. நான் உன்னைக் காட்டினேன். "கண்டக்டரு படிச்சாரு. அவரைக் கேளு."

நீ டீயை ஊதினாய். ஆறிப்போன டீயை ஊதினாய், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "என் புக்குல பொழச்சிக்குது" என்றாய்.

"ஆமா, கண்டக்டரு கிழிச்ச டிக்கெட்டுல எழுதியிருந்திருக்கும்" என்றான் டைலர். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கேட்டேன். அப்படியானால் மற்றதெல்லாம்? ஏரிக்கு அடியில் மணி அடிக்கிற ஊர்? நிழல்களைத் துவைத்துச் சேலைபோல மடித்து வைக்கிற வண்ணாத்தி? எது கதைக்காரன் எழுதியது, எது நீ சொன்னது?

"ஊர் வந்து எறங்கினப்புறம் எந்தச் சக்கரம் ஓட்டிச்சின்னு கேப்பாங்களா நைனா?" என்று தோளைத் தட்டினாய்.

நீ என்னை ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவே இல்லை, கண்டக்டரே. அந்தக் கதையில் நீ எவ்வளவு என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். உன் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாய். பிறகு எல்லை முடிவானது. திருத்தணி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். உன் வழித்தடம் மாறியது, நீயும் குடும்பத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டாய். இரண்டு கல்யாணங்களில் பார்த்துக்கொண்டோம். நீ போய்ச் சேர்ந்ததை ஒரு டிரைவர் சொல்லித் தெரிந்துகொண்டபோது உன் கருமாதியே முடிந்திருந்தது.

புத்தூரிலிருந்து வந்த அன்று இதையெல்லாம் மருமகளிடம் சொன்னேன். அவள் ஊரில் தேடச் சொல்லி அந்தப் புத்தகத்தை வாங்கிவிட்டாள். புதிதாக அச்சுப் போட்டிருக்கிறார்களாம். தினமும் படித்துக் காட்டினாள். எனக்கு ஒரே ஆசைதான். புத்தகத்தில் எது எது இல்லையோ அதெல்லாம் நீ. அப்படியே உன்னைக் கண்டுபிடித்துவிடலாம் என்று உட்கார்ந்து கேட்டேன்.

மணி அடிக்கிற ஊர் வந்தது. புத்தகத்திலேயே இருந்தது. நிழல் மடிக்கிற வண்ணாத்தி, அவளும் இருந்தாள். நீ சொன்ன அதே வார்த்தைகள். ஒவ்வொன்றும் இருக்க இருக்க எனக்கு வாட்டமாகிவிட்டது. மருமகளுக்குப் புரியவில்லை. "எல்லாம் நீங்க சொன்னாப்பலதானே இருக்குது மாமா, அப்புறம் இன்னா?" என்றாள்.

பிறகு கணவாய். டைலர் சொன்னது சரி. இரண்டே வரி. அதற்குப் பிறகு இளவரசன் நடந்தே போகிறான். கோட்டை வாசலில் காவல்காரர்களுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. அங்கிருந்து கடைசிவரை குதிரை வருகிற இடமெல்லாம் நீ.

முடிவில் ஜனங்களுக்கெல்லாம் நிழல் திரும்பக் கிடைக்கிறது, மங்களம். நான் மருமகளிடம் சொன்னேன், முடிவு இது இல்லையம்மா. எல்லோரும் தங்கள் நிழலைத் தேடி எடுத்துக்கொண்ட பிறகு குதிரை மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. மிச்சமிருக்கிற நிழல் ஒன்று நொண்டிக்கொண்டே வருகிறது. அதைப் பார்த்துத்தான் அது தன்னுடையது என்று குதிரைக்குத் தெரிகிறது. இப்படித்தான் நீ படித்தாய். படித்துவிட்டு அன்றைக்கு மட்டும் சுவரைத் தட்டவில்லை.

மருமகள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது மாமா. ஆனா இதுல இல்லியே" என்றாள். நல்ல பெண். அவளிடம் நான் என்ன சண்டை போடுவது? சண்டை போட அந்தக் காலேஜ் பெண்கள் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் படித்திருந்தார்கள். நான் கேட்ட புத்தகத்தைக் கேட்டவன் நான் ஒருவன், படித்தவன் நீ ஒருவன்.

வெயில் சாய்ந்ததும் வரப்பில் கொஞ்சம் நடக்கிறேன். என் நிழல் எனக்கு முன்னால் நொண்டிக்கொண்டு போகிறது. அதைக் காட்டி யாரிடமும் எதுவும் சொல்ல முடிவதில்லை, கண்டக்டரே. குதிரைக்குக் கால் உடைந்தது என்று ஆரம்பித்ததுமே, ஐயோ பாவம், செத்துப்போச்சா என்கிறார்கள்.