சைவ வீட்டில் சங்கரா மீன்

அம்மன் துணை

பிள்ளைச்சாவடி

அன்பு மகள் பூவிழிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை சரத்குமாரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு விளக்குப் போட்டு வருகிறேன். போன் இருக்கிற காலத்தில் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். வீட்டுப் போன் எப்போதும் உன் அப்பா கையில். பக்கத்து வீட்டு ஜெயம் அக்கா போனில் பேசலாமென்றால் அவள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள், போதாததற்கு அவளும் உன் அப்பாவின் வாட்ஸப் நாடகக் குழுவில் இருக்கிறாள். இந்த விஷயம் அவள் காதில் விழக்கூடாது. அதனால்தான் ரெட்டியார்பாளையம் நிர்மலாதேவி அங்கே மகளைப் பார்க்க வருகிறாள் என்று தெரிந்ததும் நெத்திலிக் கருவாட்டோடு இதையும் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டை வெயிலில் வை, அந்த ஊரில் வெயில் என்று ஒன்று வந்தால்.

உன் அப்பா விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போனால் பதினோரு மணிக்குத் திரும்பிவிடுகிறார். ஒன்றேகாலுக்கு ரேடியோவில் ‘ஏழாம் எண் வீடு’ நாடகம். அப்போது நான் கரண்டியைக்கூடக் கீழே வைக்கக்கூடாது, சத்தம் கேட்டால் அவருக்கு ஒரு வசனம் போய்விடும். நாடகம் முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் அன்றைய கதையை வாட்ஸப் குழுவில் தட்ட ஆரம்பிப்பார். நாடகம் கால் மணி நேரம், இவர் கதைச் சுருக்கம் எழுத இரண்டு மணி நேரம். யார் இருமினார்கள், கதவு எப்படிக் கிறீச்சிட்டது, அது வாசல் கதவா கொல்லைக் கதவா என்பது வரை ஒன்றும் விடமாட்டார். தட்டாஞ்சாவடி கம்பெனியில் வேலை செய்யும் செல்வகுமார் வேறொரு குழுவில் மூன்றே வரியில் எழுதிவிடுகிறானாம். அது சுருக்கம் இல்லை, தந்தி என்று உன் அப்பா இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார். மார்க்கெட்டில் மீன் வெட்டுகிற பெண்கள், கடலுக்குப் போய் வருகிற ஆண்கள் எல்லோரும் இவர் எழுதியதைப் படித்துத்தான் கதை தெரிந்துகொள்கிறார்கள், அதனால் அவருக்குத் தலைக்கு மேல் கொஞ்சம் கொம்பும் முளைத்திருக்கிறது. போன மாதம் மார்க்கெட் குஞ்சம்மாள் பாவம், நாடகத்தில் இருமியது அண்ணன் இல்லை தம்பி என்று குழுவில் ஒரு வார்த்தை எழுதிவிட்டாள். உடனே அவளைப் போனில் கூப்பிட்டு அவள் தோற்றேன் என்று சொல்லும்வரை விடவில்லை. அவள் ஒரு கையில் போனும் ஒரு கையில் அரிவாள்மனையில் பாதி வெட்டிய பாறை மீனுமாக உட்கார்ந்திருந்தாளாம்.

இதெல்லாம் யாருக்காக ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்கும். நீ அங்கே நர்ஸ் வேலைக்குப் போன புதிதில், இன்னிக்கு நாடகத்துல என்னாச்சுப்பா என்று தினமும் கேட்பாய். உனக்காகத்தான் முதலில் எழுதினார், ஊருக்கு எழுதியது அப்புறம். அப்படிப்பட்ட மனுஷனுக்கு உன் கல்யாண சேதி எப்படி வந்தது? உன் தேவதாஸ் மாமா போனில் நீயும் சரத்குமாரும் மாலையும் கழுத்துமாக நிற்கிற படத்தைக் காட்டினான். பையன் யார் என்ன என்று இவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. “ஊரு ஒலகத்துக்கு நான் கத சொல்றேன், என் வூட்டுக் கதைய எனக்கு இன்னொருத்தன் சொல்றான்” என்றார். அவ்வளவுதான், அன்றோடு உன்னோடு பேச்சு நின்றது, நீ கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. தேவதாஸ் தினம் காலை வணக்கம் போடுகிறான் என்று குற்றம் சொல்லி அவனைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார். உன்னைத் தூக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை, கேட்டால் தூக்கிவிடுவார்.

இப்போது நாடகத்தில் என்ன நடக்கிறது என்று நீ படித்திருப்பாய். ரிட்டயர் ஆன வாத்தியார் வேதமூர்த்தி, பம்பாய் போய்க் கல்யாணம் செய்துகொண்ட மகள் கல்யாணியின் கடிதத்தைப் பிரிக்காமலேயே அலமாரியில் போடுகிறார். உன் அப்பாவுக்கு அந்த வாத்தியார் மேல் வருகிற கோபத்தைப் பார்க்கவேண்டுமே. இவரெல்லாம் ஒரு தகப்பனா, பெற்ற பெண்ணுக்கு ஒரு வரி எழுதினால் கை தேய்ந்தா போகும் என்று குழுவில் எழுதினார், அத்தனை பேரும் கும்பிடு பொம்மை போட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். ரொம்ப சரியாச் சொன்னீங்க என்றேன். அவருக்கு உறைக்கவில்லை, சந்தோஷப்பட்டார்.

இனிமேல்தான் விஷயம். போன புதன்கிழமை ஏலத்திலிருந்து வரும்போது சங்கரா மீன் வாங்கி வந்தார். அவருக்குச் சங்கரா பிடிக்காது, அதை வீட்டில் விரும்பிச் சாப்பிட்டது நீ ஒருத்திதான். யாருக்கு என்று கேட்டதற்கு மலிவாக வந்தது என்றார். குழம்பு வைத்தேன், சாப்பிட்டார், நாடகம் கேட்டார், எழுதினார். அன்றைய நாடகத்தில் வேதமூர்த்தி கடைத்தெருவுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறார், வாசலில் கொஞ்ச நேரம் நிற்கிறார், முடிந்தது. நானும் கூடவே கேட்டேன். ஆனால் உன் அப்பா எழுதியது என்ன தெரியுமா? வேதமூர்த்தி மகளுக்குப் பிடிக்குமே என்று சங்கரா மீன் வாங்கிக்கொண்டு வந்து, அவள் இல்லாத வீட்டு வாசலில் நின்றார். இப்படி எழுதியிருக்கிறார். வேதமூர்த்தி வீடு முட்டைகூட உள்ளே போகாத சைவ வீடு. பக்கத்து வீட்டில் மீன் வறுத்தார்கள் என்று ஜன்னலைச் சாத்துகிற மனுஷன், அந்தக் கட்டத்தை வரிவரியாக எழுதியவரே உன் அப்பாதான். குழுவில் ஒருத்தருக்காவது சந்தேகம் வந்ததா என்றால் இல்லை. எல்லோரும் மீன்காரர்கள், மகளுக்கு மீன் வாங்கினார் என்றால் அதில் தப்பு எங்கே தெரியும்? குஞ்சம்மாள் மட்டும் சங்கரா இப்போ என்ன விலை என்று கேட்டிருக்கிறாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது கண்ணு. அப்புறம் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை, அந்தத் தப்பை உனக்காக வைத்திருக்கிறேன். நீ மன்னிப்புக் கேட்டு எத்தனையோ எழுதிப் பார்த்தாய், ஒன்றுக்கும் பதில் இல்லை. இப்போது மன்னிப்பு எதுவும் வேண்டாம். புதன்கிழமை கதைச் சுருக்கத்தை எடு, வேதமூர்த்தி வீட்டில் மீன் எப்படி வந்தது என்று குழுவில் எல்லோர் முன்னாலும் கேள். ஜன்னல் சாத்திய பழைய கதையையும் தேடி எடுத்துப் பக்கத்தில் போடு. தான் எழுதியதில் தப்பு என்று ஒருத்தர் சொல்லி உன் அப்பா சும்மா இருந்ததாகச் சரித்திரம் இல்லை, உன்னைக் கூப்பிடாமல் அவருக்குத் தூக்கம் வராது.

காதில் பஞ்சு வைக்காமல் வெளியே போகாதே, மாப்பிள்ளையை வெறும் ரொட்டி தின்று வேலைக்குப் போகவிடாதே. இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க அம்மாவின் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பா கூப்பிட்டு வாதாடும்போது சட்டென்று நீங்க சொல்றதுதான் சரி என்று சொல்லிவிடாதே. ஜெயித்துவிட்டால் போனை வைத்துவிடுவார்.

இப்படிக்கு
உன் அம்மா
பு. அஞ்சலாட்சி