நின்றாயா, நிறுத்தினார்களா?

நைனா, இதை யாருக்கும் காட்டாதே. செத்துப்போனவர் யாரிடம் காட்டப் போகிறார் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன். அம்மா கண்ணில் மட்டும் படவே கூடாது. படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சமூக அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பேனா எடுக்க ஜாமென்ட்ரி பாக்ஸைத் திறந்தேன். உள்ளே நீ கம்பெனியில் காதில் வைத்துக்கொள்ளும் அடைப்பான் கிடந்தது. ஆரஞ்சு நிறப் பஞ்சு, நீலக் கயிறு. பக்கத்து வீட்டு டிவி சத்தத்துக்கு வைத்துக்கொண்டு படி என்று நீதான் கொடுத்தாய். இன்னும் கிரீஸ் வாடை போகவில்லை. காதில் வைத்துக்கொண்டேன். உன் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

நீ என்றைக்காவது மெதுவாகப் பேசியிருக்கிறாயா? தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் பக்கத்திலேயே நின்று நின்று உன் காது மந்தமாகிவிட்டது. நீ கடையில் நாலு முட்டை கேட்டால் நம் மணவாள நகருக்கே தெரிந்துவிடும். அம்மா திட்டினால், “எனக்கு நல்லாத்தான் கேக்குது, ஊருக்குத்தான் கேக்க மாட்டேங்குது” என்பாய். அப்படிப்பட்ட நீ ஒரே ஒரு நாள் மெதுவாகப் பேசினாய். அதில்தான் எல்லாம் கெட்டது.

உன் காக்களூர்க் கம்பெனி ஃபேன் மூடி செய்யும் வேலையை வியட்நாமுக்குக் கொண்டுபோனபோது, உன் மிஷினை உன்னையே துடைத்து, கிரீஸ் தடவி, பெட்டியில் கட்டச் சொன்னார்கள். அன்று வீட்டுக்கு வந்து, “ரேஷன் கார்டுல அட்ரஸ் மாத்த என்னை ஆறு மாசம் அலைய வுட்டானுங்கோ, மிஷினுக்குப் பாரு, ஒரே வாரத்துல ஃபாரின்” என்று சிரித்தாய். மறுமாதம் உங்களை எல்லாம் வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இப்படி வேலை போனவர்களுக்கு அரசாங்கம் ஏதோ உதவி கொடுக்கிறது, கம்ப்யூட்டரில் பதிய வேண்டும் என்று உன் பக்கத்து மிஷின் சேகர் மாமா வந்து சொன்னார். நான் இங்கிலீஷில் வகுப்பில் முதல் மார்க். அதனால் என்னை இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போனாய். அங்கே கூட்டம். கடைக்கார அண்ணன், “பாப்பா, நீயே அடிச்சிடு” என்று நாற்காலியைத் தள்ளிவிட்டார்.

பெயர், முகவரி எல்லாம் சரியாகத்தான் அடித்தேன். வேலை போன காரணம் என்ற இடத்தில் இங்கிலீஷில் மூன்று பதில்கள் இருந்தன. முதலாவது ரிட்ரென்ச்மென்ட். ட்ரென்ச் என்றால் எனக்குத் தெரியும், முதல் உலகப்போர் பாடத்தில் சிப்பாய்கள் தோண்டும் பள்ளம். சரி, இது பள்ளம் வெட்டுகிறவர்களுக்கு என்று விட்டுவிட்டேன். சிரிக்காதே. இரண்டாவது, கம்பெனி மூடல். உன் கம்பெனிக்கு இன்னும் போர்டு இருக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறார். மூன்றாவது ரெசிக்னேஷன், தானாகவே வேலையை விடுவது. எதற்கும் உன்னைக் கேட்டேன். உன் பின்னால் பால்காரர் நின்றார், நம் தெருக்காரர்கள் நின்றார்கள். நீ குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “நின்னுட்டேன்னு போடும்மா” என்றாய்.

நான் மூன்றாவதை அழுத்தினேன்.

நம் தெருவில் வேலை போன எல்லாருமே நின்றுவிட்டேன் என்றுதான் சொல்கிறார்கள். துரத்திவிட்டார்கள் என்று யார் வாயிலும் வராது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். அன்று தோன்றவில்லை. நிறுத்திட்டாங்க என்று நீ சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும், நைனா? வழியெல்லாம், “எம் பொண்ணு இன்னாமா அடிக்கிறா தெரியுமா” என்று கத்திக்கொண்டு வந்தாயே, அந்தக் குரலில் சொல்லியிருக்கக் கூடாதா?

பதில் வருவதற்குள் ஒரு காலையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அப்புறம் கடிதம் வந்தது. தாமாகவே விலகியவருக்கு உதவி கிடையாதாம். அகராதியில் பார்த்தேன். ரிட்ரென்ச்மென்ட் என்றால் ஆட்குறைப்பு. அவ்வளவுதான். அதைத் தமிழில் போட்டுத் தொலைத்திருந்தால் என்ன?

அம்மா கடிதம் அனுப்பிய ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். ஒரு ஜன்னலில் அடுத்த ஜன்னல் என்றார்கள். அங்கே கம்பெனி லெட்டர் கேட்டார்கள். கம்பெனியில் வாட்ச்மேன், “சாருங்கோ எல்லாம் வியட்நாம்ல கீறாங்கோ, நீயும் போறியா” என்று கேட்டிருக்கிறார். கடைசியாக ஒரு அதிகாரி, அவரே நின்றுவிட்டதாகத்தான் பதிந்திருக்கிறது என்றார். அம்மா விடவில்லை. “அவரு எங்க சார் நின்னாரு? நிக்க வெச்சாங்கோ.” அந்தப் பதில் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் கோபம் சேகர் மாமா மேல் திரும்பியது. கம்ப்யூட்டரில் பதிந்ததை அச்செடுத்து, கவரில் போட்டு ஆபீசில் கொடுக்க வேண்டியிருந்தது. அன்று உனக்குக் காய்ச்சல் என்று உன் பேப்பரையும் அவர்தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அவருக்கு உதவி வந்துவிட்டது, உனக்கு வரவில்லை. “தன்னுத ஒயுங்கா குட்த்துட்டு எம் புருசன் பேப்பர மாத்திட்டான்” என்று தெருவுக்கே சொல்கிறாள். மாமா வாசலில் வந்து நின்று, “அக்கா, நான் கவரைக்கூட பிரிக்கல” என்றார். அம்மா கதவை அடைத்துவிட்டாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டே இருந்தேன். உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்.

நாளை திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். சாயங்காலம் அம்மா சொல்லச் சொல்ல நானே எழுதினேன். ‘சேகர் என்பவர் என் கணவரின் விண்ணப்பத்தை மாற்றிவிட்டார்.’ என் கையெழுத்தில், அழகாக. அது அவள் பையில் இருக்கிறது.

இப்போது வேறொரு மனு எழுதியிருக்கிறேன். ‘என் அப்பா நிற்கவில்லை. நிறுத்தினார்கள். தவறாக அழுத்தியது நான்.’ சத்தமில்லாமல் பையில் மாற்றி வைத்துவிடலாம், அம்மா படிக்காமலே கையெழுத்துப் போடுவாள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அப்படிச் செய்தால் தெருவில் சேகர் மாமா திருடனாகவே இருப்பார். அவளுக்குப் படித்துக் காட்டத்தான் வேண்டும். அடித்தால் தாங்கிக்கொள்வேன். பேசாமல் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் என்னை மைக்செட் என்று கூப்பிடுகிறார்கள். அது உன் தொண்டை. ஆனால் இத்தனை நாளும் நான் வைத்துக்கொண்டு திரிந்தது, நீ அன்று குனிந்து பேசிய அந்தச் சின்னக் குரலைத்தான். அது எனக்கு வேண்டாம் நைனா. அதை நீயே

கதவு ஆடுகிறது. காதிலிருந்து அடைப்பானை எடுத்தேன். அம்மா எப்போதிலிருந்து தட்டுகிறாளோ. “இன்னாடி பண்ற உள்ள? தொற” என்கிறாள். புது மனு என் கையில்தான் இருக்கிறது. நைனா, நான் சத்தமாகவே