ஜீடிமெட்லாவின் ஊர்சுற்றிகள்

திங்கள், ஜூலை 6

காலையிலிருந்து தூறல். ஆபீஸ் போகும் வழியில் செருப்பு அறுந்தது. இன்று எதற்கும் கோபம் வராது. வரைபடம் வந்துவிட்டது.

முதல் ஊரடங்கில் ஹைதராபாத் எப்படி நடமாடியது என்று. பேர், நம்பர் எதுவும் இல்லாத செல்போன் புள்ளிகள். ராத்திரி பன்னிரண்டிலிருந்து ஆறு வரை புள்ளி எங்கே இருக்கிறதோ, அது 'வீடு'. பகலில் அதைவிட்டு விலகினால் 'வெளியே போனது'. வீட்டோடு இருந்த பேட்டை பச்சை, சுற்றிய பேட்டை சிவப்பு. விதி நான் எழுதியது. ரெண்டே வரி. அழகான ரெண்டு வரி.

ஊரே பச்சை. மாதாப்பூர் கரும்பச்சை (ஐ.டி. ஜனம், லேப்டாப்போடு உள்ளேயே). ஜீடிமெட்லா மட்டும் மிளகாய்ச் சிவப்பு. போலீஸ் லத்தியோடு நின்ற நாட்களில்கூட, தினமும் காலையில் கிளம்பி, ஊரெங்கும் யார் யார் வீட்டுக்கோ போய், பகல் முழுக்க அங்கே இருந்துவிட்டு, சாயங்காலம் திரும்பியிருக்கிறார்கள். என்ன தைரியம். ஸ்லைடுக்குத் தலைப்பு வைத்தேன்: ஊர்சுற்றிகள். ஆங்கிலத்தில் கொஞ்சம் மரியாதையாக.

எங்கள் குழுத் தலைவி மேடம் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை நகர அதிகாரிகளுக்குக் காட்ட வேண்டும். அடுத்த தொற்று வந்தால் சிவப்புப் பேட்டையில்தான் முதலில் தடுப்பு, முதலில் பஸ் ரத்து. என் படத்தை வைத்து. நம்பவே முடியவில்லை.

பக்கத்து சீட் இம்ரான் மட்டும் உச்சுக்கொட்டினான். "அத்தனை பேரும் காலைல ஒரே நேரத்துக்குக் கிளம்புறாங்க. கைக்கு? ஏன்?" பொறாமை.

செவ்வாய்

மழை. வாங்க வேண்டியது: தயிர், செருப்பு, குடைக்கு ஒரு கம்பி (கிடைக்குமா?). ஸ்லைடு 4 எழுத்து சின்னது. சிவப்பை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக்கினேன்.

புதன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

சாயங்காலம் கறிவேப்பிலை கேட்கக் கீழ் வீட்டுக் கமலா அக்காவிடம் போனேன். வேலூர்க்காரர், எங்கள் மாரெட்பள்ளிக்கு வந்து முப்பது வருஷம். கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் என் பெருமை. ஜீடிமெட்லா ஆட்கள் எப்படிச் சுற்றினார்கள் தெரியுமா என்று.

"அங்க வீடு எங்க இருக்கு? நீ காட்டுற பக்கம் பூரா கம்பெனிதானே."

"ராத்திரி அங்கதானே இருக்காங்க அக்கா."

"ஹவ், ஆமா, இருப்பாங்க. எங்க வீட்டுக்காரரும்தான் இருந்தாரு. ஊரடங்கு பூரா நைட் ஷிப்ட். மாத்திரை கம்பெனிய மூட முடியுமா? சாயங்காலம் கம்பெனி பஸ் வரும், காலைல கொண்டாந்து விடும். எங்களுக்கு ஒட்டிக்குமேன்னு பின் ரூம்ல தனியாப் படுத்துக்குவாரு. தட்ட வாசல்லயே வச்சிட்டு வந்துடுவேன்." அப்புறம், "அவரையா ஊர்சுத்தின்னு எழுதி வச்சிருக்கே?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர்கள் யார் வீட்டுக்கும் போகவில்லை. தூங்கத் தங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். ஊருக்கு மாத்திரை செய்தவர்களின் பஸ்ஸைத்தான் முதலில் நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

வெட்கம். ஆனால் இது என் டைரி, பொய் எதற்கு: உள்ளுக்குள் ஒரே குதி. இப்போதுதான் படம் பேசுகிறது. கறிவேப்பிலை அங்கேயே.

வியாழன்

ஒரு நாள்தான் இருக்கிறது. இம்ரானிடம் மன்னிப்பு, கூடவே இரானி சாயா. முதல் திருத்தம்: நாளில் புள்ளி எங்கே அதிக நேரம் அசையாமல் கிடக்கிறதோ அது வீடு. இம்ரான்: "நக்கோ, வேணாம். ஷிப்ட்ல போன் லாக்கர்லதானே கிடக்கும்." சரிதான். என் மூளையும் லாக்கரில்தான்.

இரண்டாவது: தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் விழுகிற 'வீட்டை' நம்பாதே. அந்தப் புள்ளி அடுத்தபடியாக அதிக நேரம் எங்கே இருந்தது, அங்கே குடியிருப்பு இருக்கிறதா, பார். ஓட விட்டோம். சாப்பிடப் போகவில்லை.

நாலு மணிக்கு ஜீடிமெட்லாச் சிவப்பு கரைந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாக ஊருக்குள் போய் உட்கார்ந்தன. மாரெட்பள்ளியிலும் சில. இம்ரான் மேஜையைத் தட்டினான். நான் அழுதுவிட்டேன், காரணம் கேட்காதே.

வெள்ளி

வெயில். பத்து மணிக்குக் கூட்டம், ஒன்பதுக்கு மேடமிடம் சொன்னேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"யார் கண்டுபிடிச்சது?"

"கீழ் வீட்டு அக்கா, மேடம்."

திட்டவில்லை. "அப்போ இவங்களுக்கு மூணாவது நிறம் வேணும்" என்றார். வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவே மஞ்சள் கோடு போட்டோம். கூட்டத்தில் ஒரு அதிகாரி கேட்டார், மஞ்சள் என்றால் பாதித் தடுப்பா என்று. வாய் முந்திக்கொண்டது: "இல்ல சார். வழி விடணும்." எழுதிக்கொண்டார். என் கண்ணால் பார்த்தேன், எழுதிக்கொண்டார்.

சனி

புதுச் செருப்பு கடிக்கிறது. காலை பத்து மணி, லேப்டாப்போடு கமலா அக்கா வீட்டுக்கு. மஞ்சள் கோடுகளைக் காட்டினேன். இதில் யார் புள்ளி எது என்று எனக்கே தெரியாது என்பதையும் சொன்னேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாரெட்பள்ளியைத் தேடிப்பிடித்து விரலை வைத்தார்.

"அப்போ இவரு வீட்டுக்கு வந்துட்டாரா, உன் கணக்குல?"

"வந்துட்டாருக்கா," என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"மெதுவாப் பேசு. இப்பதான் தூங்கினாரு."