ரங்கூனில் அடக்கமான அந்தோணி

1948 மார்ச் 9, செவ்வாய்

டில்லி வெளிவிவகார இலாகாவின் பதில் இன்று காலை கோட்டை சர்க்கார் ஆபீஸில் என் மேஜைக்கு வந்தது. எங்கள் தெருவில் மீன் விற்கும் ரோசம்மாவின் மகன் அந்தோணி, ரங்கூன் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள்.

நோயில் கிடந்தவனைக் கப்பலேற்றிக் கொண்டுவரத்தான் மாசக்கணக்காக அலைந்தோம். பர்மா இப்போது அந்நிய நாடு. சென்னை சர்க்கார் அதனிடம் நேரே பேச முடியாது. நாங்கள் டில்லிக்கு எழுத, டில்லி ரங்கூனில் இருக்கும் தன் தூதருக்கு எழுத, அதற்குள் அவன் போய்விட்டான்.

"முடிஞ்சுடுத்து, ஃபைலைக் கட்டி வச்சுடுங்கோ" என்றார் மேலதிகாரி.

சாயங்காலம் சாந்தோம் கடற்கரையில் ரோசம்மாவிடம் நானே சொன்னேன். கூடையை இறக்கிவிட்டு மணலில் உட்கார்ந்தாள்.

"எங்கப்பன் அங்க மூட்டை தூக்கப் போனப்போ அதுவும் நம்ம சர்க்காருதானே நைனா? இப்ப எப்படி வேறயாச்சு?"

கடலைப் பார்த்தபடியே மறுபடி கேட்டாள்.

"மாதா கோயிலு சாமியார் வந்து குழிய மந்திரிச்சாரா? குருசு நட்டாங்களா? அத்த மட்டும் கேட்டுச் சொல்லு நைனா."

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு குருசுக்காக டில்லிக்கு எழுத மேலதிகாரி கையெழுத்துப் போடுவாரா? நாளை அவர் காலில் விழுந்தாவது கேட்கவேண்டும்.

இருட்டும்வரை அவள் பக்கத்திலேயே இருந்தேன். அவள் அழவே இல்லை. பதில் வந்த பிறகு அழலாம் என்று இருக்கிறாள் போலிருக்கிறது.