அருவி வேண்டாம், எழுத்து போதும்

மார்ச் 3, செவ்வாய்

கணினித் திரைக்கும் அம்மாவின் மூக்குக்கும் நடுவே இப்போது ஒரு சாண்கூட இல்லை. புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது அவள் வேலை. வீட்டிலேயே, ஜன்னலோர மேஜையில். "பெரிய திரையா வாங்கிக்குங்க" என்றார் கண் மருத்துவர். அதற்குமேல் அவரைப் பேச விடாமல் அம்மா எழுந்துவிட்டாள்.

வரும் வழியில், "டிவியாவே வாங்கிடலாம்டி. பகல்ல எனக்குக் கம்ப்யூட்டர், சாயங்காலம் உனக்குப் படம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மார்ச் 5

இரண்டு நாளாக இதைப் பற்றியே படிக்கிறேன். ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட பிறகு எதையும் இவ்வளவு ஆசையாகப் படித்ததில்லை. படத்துக்கு நன்றாக இருக்கும் டிவி எழுத்துக்கும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாதாம். சிலவற்றில் நிற எழுத்துகள் ஓரம் கரைந்துவிடும். நீலப் பின்னணியில் பொடிச் சிவப்பு எழுத்தை ஓடவிட்டால் குட்டு வெளிப்படும்.

அப்படி ஒரு பக்கம் செய்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் 'அம்மா அம்மா' என்றே நிரப்பினேன்.

மார்ச் 7, சனி

கடைச் சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே அருவி. விற்பனையாளர் அதைத் தன் சொந்த அருவிபோல் புகழ்ந்துகொண்டிருந்தார். என் பையில் மடிக்கணினி. இணைத்துப் பார்க்கலாமா என்று கேட்க வேண்டும். வாய் வரவில்லை. வகுப்பிலும் அப்படித்தான் — பதில் தெரியும், எழுந்து நிற்பேன், நின்றுகொண்டே இருப்பேன்.

கடைசியில் அம்மாதான், "தம்பி, நாங்க என்ன குளிக்கவா போறோம்? அருவி வேணாம், எழுத்து தெரியணும். இவ ஒண்ணு கொண்டுவந்திருக்கா, மாட்டிக் காட்டுங்க" என்றாள்.

முதல் டிவியில் என் 'அம்மா' எல்லாம் மழையில் நனைந்த காகிதம்போல் ஊறிக் கிடந்தது.

"அடேயப்பா, கண்ணாடியாட்டம் இருக்கே!" என்றாள் அம்மா.

விற்பனையாளர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இரண்டாவதில் ஒவ்வொரு எழுத்தும் ஊசியால் கீறியதுபோல் இருந்தது. அதற்கும் அம்மா அதையேதான் சொன்னாள். அதே சொற்கள்.

இரண்டாவதை வாங்கினோம். நாற்பத்து மூன்று அங்குலம்.

மார்ச் 8

நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

மார்ச் 15, ஞாயிறு

எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி வைத்திருக்கிறேன். ஒரு வரி, திரை முழுக்க. அம்மா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்கிறாள். படம் எதுவும் இன்னும் பார்க்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

பதிப்பாளர் போன் செய்தார். மூன்றாம் அத்தியாயமும் நான்காம் அத்தியாயமும் ஒரே தலைப்போடு போயிருக்கின்றன. "இருபது வருஷத்துல உங்ககிட்டேருந்து இப்படி வந்ததே இல்லையேம்மா" என்றாராம்.

அம்மாவின் கோபமெல்லாம் டிவி மேல் திரும்பியது. "இந்தச் சனியனைத் திருப்பிக் குடுத்துட்டு வா. எழுத்தெல்லாம் கரையுது."

"அது சரியாத்தாம்மா இருக்கு."

"அப்போ எனக்குத்தான் கண்ணு குருடாடி?"

நான் — ஐயோ, வாயைத் திறந்து எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா? சும்மா நின்னேன். அதுவே அவளுக்குப் பதிலாப் போச்சு.

"கடையிலேயே தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன். அவள் என்னையே பார்த்தபடி காத்திருந்தாள். நான் தலையாட்டியது அவளுக்குத் தெரியவில்லை.

"தெரியும்மா" என்றேன், வாயால்.

மார்ச் 24

அம்மா மேஜைப் பக்கமே வரவில்லை. திரைமேல் ஒரு துண்டைப் போர்த்தியிருக்கிறாள்.

ஏப்ரல் 6, திங்கள்

துண்டை அவளே எடுத்தாள். என்னை மேஜைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டாள்.

"தலைப்பைச் சத்தமாப் படி. எறும்புக்கா கதை சொல்றே? பக்கத்து வீட்டுக்குக் கேக்கணும்."

படித்தேன். என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது.

மதியம் அவள் படுத்த பிறகு எழுத்தைச் சாதாரண அளவுக்குக் குறைத்தேன். எனக்கு அவ்வளவு பெரிதாக வேண்டியதில்லை. முழுப் பக்கமும் ஒன்றாகத் திரையில் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா தூங்கவில்லை. திரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த தலைப்பைச் சத்தமாகப் படித்தேன்.