முழுப் பெயருக்கு ஒரு குறுக்குவழி

11 ஜூலை 2002
இடது கை எழுத்து. எல்.கே.ஜி.யில் சேர்த்துக்கொள்வார்கள்.

13 ஜூலை
வலது கை அப்படியே இருக்கிறது. பார்த்தால் என் கைதான், வளையலும் என்னுடையதுதான். அசையவில்லை, சூடு வைத்தாலும் தெரியவில்லை. "சின்ன ஸ்ட்ரோக்தான்மா" என்றார் டாக்டர், சாம்பாரில் உப்பு லேசாகத் தூக்கல் என்பதுபோல.

14 ஜூலை
அழுகை வரவில்லை. அதுவும் வலது பக்கம் இருந்திருக்கும்போல.

16 ஜூலை
ஆபீஸ் போனேன். திருப்பதியில் ஒரு மாடி, பத்து கம்ப்யூட்டர், அமெரிக்காவில் யாருக்கோ பல் பிடுங்கினால் இங்கே நாங்கள் எழுதிய புரோகிராம் அங்கே பில் போடும். முதலாளி ஹரிபிரசாத் என் பழைய மாணவன். கம்ப்யூட்டர் சென்டரில் கடைசி பெஞ்சில் தூங்கினவன். தூங்கினவன் முதலாளி, எழுப்பினவள் சம்பளக்காரி.

"பர்லேது மேடம், பரவால்ல, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றான். அப்புறம் விஷயத்துக்கு வந்தான். பிரம்மோற்சவம் முடிந்ததும் கிளையன்ட் ஆள் வருகிறான். ஒவ்வொருவரும் அவன் முன்னால் உட்கார்ந்து புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும். தேறினவர்களுக்குத்தான் அடுத்த வேலை. "அதுக்குள்ள கை சரியாகலேன்னா மேடம்..." என்று நிறுத்திவிட்டான். புரோகிராமில் திறந்த பிளாக்கை மூட வேண்டும் என்று இவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ரெஸ்ட் எடுத்தால் என்ன ஆவேன் என்று தெரியும். பக்கத்து வீட்டு ரத்தினம்மாவோடு மத்தியான சீரியல் பார்ப்பேன். ஒரு வருஷத்தில் அந்தக் கதாநாயகிக்காக அழவும் ஆரம்பிப்பேன். என் கைக்கு அழாதவள்!

அந்த நாற்காலி எனக்கு வேண்டும். ஏன் என்று கேட்டுப் பார்த்தேன். திரை முன்னால் உட்கார்ந்தால் கை ஞாபகம் வருவதில்லை. அவ்வளவுதான் காரணம்.

20 ஜூலை
நாங்கள் புரோகிராம் எழுதும் விஷுவல் பேசிக் என்பது வாடகை வீடு மாதிரி. நாலு சுவர், ஒரு பல்பு. ஆணி கூட நாம்தான் அடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆணி, அலமாரி, கொடிக்கயிற்றுக்குப் பெயர் ஆட்-இன். இத்தனை வருஷம் நான் ஒன்றும் மாட்டிக்கொண்டதில்லை. இரண்டு கையும் இருந்தவளின் திமிர்.

ரூபா நெட் சென்டருக்குப் போய் ஃப்ளாப்பியில் கொண்டுவந்தாள். எங்கள் ஆபீஸில் இளையவள் அவள்தான், அமெரிக்க விசாவுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் நகர ஒரு ஆட்-இன். கோணல்மாணலான வரிகளை ஒழுங்காக்க ஒன்று. தேடியதையெல்லாம் ஒரே ஜன்னலில் அடுக்க ஒன்று. ஷிஃப்டை ஒருமுறை தட்டிவிட்டுக் கையை எடுத்தாலும் அது அழுந்தியே இருக்க ஒரு வசதி, அது விண்டோஸிலேயே இருந்ததாம். யாருக்கோ என் மாதிரி கை ஏற்கெனவே போயிருக்கிறது.

29 ஜூலை
எல்லாம் மாட்டியும் பாதி வேகம்தான்.

2 ஆகஸ்ட்
நானே ஒரு ஆட்-இன் எழுதினேன்! சின்னதாக ஒரு சொல்லை அடித்து, மேலே ஒரு ஃபங்ஷன் கீயைத் தட்டினால், அந்தச் சொல் இருந்த இடத்தில் எழுத வேண்டிய வரிகள் தாமாக வந்து உட்காரும். சொற்களுக்கு எங்கே போவது? கைக்கு எட்டியது உறவுக்காரர்கள்தான்.

mal என்று அடித்தால் தவறைப் பிடிக்கும் பகுதி முழுசும் வரும். மல்லிகா என் நாத்தனார். புத்தூரில் உட்கார்ந்தபடி திருப்பதியில் நான் பண்ணும் தப்பைப் பிடித்து, நகரி வரைக்கும் சொல்லிவிடுவாள். rat என்றால் திரும்பத் திரும்பச் சுற்றும் லூப். ரத்தினம்மா ஒரு கதையை முடித்து நான் பார்த்ததில்லை.

அவர் பெயருக்கு, 'எக்ஸிட் சப்.' நடுவிலேயே வெளியேறு என்று அர்த்தம்.

அவர் மலைமேல் ஒரு ஓட்டலில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். வாரத்துக்கு ஒருநாள் இறங்குவார். நான் பாத்ரூமில் விழுந்த அன்று போன் போனது. வந்தது மறுநாள். கூட்டம் அதிகமாம்.

9 ஆகஸ்ட்
ரூபா என் மெஷினில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாள். "இன்னாக்கா இது, அவரு பேரு இங்கிலீஷ்ல பதினோரு எழுத்து. எக்ஸிட் சப்னு நேரா அடிச்சா அதைவிட கம்மி. இதுக்குப் பேரு சுருக்கமா?"

"gov-னு முதல் மூணு எழுத்து மட்டும் வெச்சா கவர்மெண்ட் வெப்சைட்டு மாதிரி இருக்குதுடி" என்றேன்.

சிரித்தாள். சமாளித்துவிட்டேன். ஆனால் உண்மையில் ஏன்? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையை நீட்டுவேன். இந்த நோட்டிலும் அவர் 'அவர்'தான். இப்போது ஒரு நாளைக்கு நூறு முறை அடிக்கிறேன், முழுசாக, இடது கையால்.

கோபமா? தெரியவில்லை. கை மாதிரிதான். சூடு வைத்துப் பார்க்க வேண்டும்.

18 ஆகஸ்ட்
எல்லாவற்றுக்கும் ஆட்-இன் இருக்கிறது, தலை பின்ன இல்லை. ஒரு கையால் பின்னினால் கட்டில் கயிறு மாதிரி வருகிறது. மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டேன். இந்த ஊரில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் என் ஜாதிதான், சந்தனம் பூசிக்கொண்டு.

"இன்னா வேண்டுதல் சங்கரி?" என்று ரத்தினம்மா கேட்டாள்.

"சிக்கு எடுக்க முடியல."

"சாமி விஷயத்துல வெளையாடாத!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாலைக்குள் தெரு முழுக்க எனக்கு ஒரு பெரிய வேண்டுதல் இருந்தது. மகனுக்கு அமெரிக்காவாம். எனக்கு மகனே கிடையாது.

மலையில் அவர்தான் பஸ் ஏற்றிவிட்டார். மொட்டையைப் பார்த்தார். தொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தார், குழந்தைகள் போடுகிற அளவு.

6 செப்டம்பர்
என் ஆட்-இன்னை ஆபீஸ் முழுக்கக் காப்பி எடுத்துக்கொண்டார்கள். "அக்கா, மல்லிகா வேலை செய்யமாட்டேன்றா!" என்று ரூபா கத்துகிறாள். "மேடம், ரத்தினம்மா நிக்கவே இல்ல, மெஷின் ஹேங்!" என்று இன்னொருவன். புத்தூரில் நாத்தனாருக்குப் புரையேறியிருக்கும்.

ஸ்ட்ரோக்குக்கு முன்னால் இருந்த வேகத்தைத் தாண்டிவிட்டேன். ஹரிபிரசாத் பின்னால் நின்று பார்த்தான். "சூப்பர் மேடம், தேறிடுவீங்க" என்றான். சந்தோஷம் வர வேண்டிய இடம். குறித்து வைக்கிறேன், பிறகு வந்தால் பொருத்திக்கொள்ளலாம்.

24 அக்டோபர்
கிளையன்ட் ஆள் வந்தான், சென்னைக்காரன், சின்னப் பையன் முகம், டை. என் மெஷினை முந்தின நாளே துடைத்து, சாம்பிராணி காட்டாத குறையாகத் தயார் செய்திருந்தேன்.

"வாங்க மேடம், கான்ஃபரன்ஸ் ரூம்ல" என்றான் ஹரிபிரசாத்.

அங்கே வேறு கம்ப்யூட்டர். வாடகை ப்ரொஜெக்டரை அதில்தான் இணைத்திருந்தார்கள். நான் எழுதுவது சுவரில் ஆளுயரத்துக்கு விழும். ஒரு ஆட்-இன் கிடையாது. நாலு சுவர், ஒரு பல்பு. என் மெஷினில்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. கைக்கு மட்டும் பழக்கம் தோன்றியது.

mal அடித்து கீயைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த வரியில் rat. அப்போதாவது நிறுத்தினேனா? இல்லை. அவர் பெயரை அடித்தேன், பதினோரு எழுத்தும். தட்டினேன். திரும்பத் தட்டினேன். தப்பான வரி என்றால் விஷுவல் பேசிக் சிவப்பாக்கிக் காட்டும். அதுகூடச் செய்யவில்லை. சுவரில் அவர் பெயர் கறுப்பாக நின்றது, ஏதோ சரியான வேலைதான் என்பதுபோல.

டைக்காரன் அதை வாய்விட்டுப் படித்தான். "இது வேரியபிளா மேடம்?"

பின்னாலிருந்து ரூபா, "அக்கா வீட்டுக்காரரு சார்!" என்றாள். சிரிப்பு. நானும் சிரித்தேன், பாதி முகத்தால். பிறகு ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, எல்லா வரியையும் ஒரு கையால் முழுசாக அடித்தேன். சரியாக அடித்தேன், ஒரு தப்பும் இல்லை. டைக்காரன் நடுவில் இரண்டு முறை போன் பேசப் போய்வந்தான்.

எழுந்து திரும்பினால், கதவருகே அவர். வாரம் ஒருநாள் இறங்கும் நாள் இதுதானாம், என்னை அழைத்துப்போக வந்திருக்கிறார். எப்போதிலிருந்து நின்றார்?

திருச்சானூர் ஷேர் ஆட்டோவில், நாலு பேர் முழங்காலுக்கு நடுவில் கேட்டார். "என் பேரு எதுக்கு செவுத்துல?"

"கம்ப்யூட்டருக்குச் சொல்றது."

"இன்னான்னு?"

"வெளிய போன்னு."

ஆட்டோவில் யாரோ செல்போனில் தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து, பூட்டைத் திறந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபிறகுதான் பேசினார். "நீ விழுந்த அன்னிக்கே கிளம்பினேன் சங்கரி. ஸ்டோர் சாவிய ஒப்படைச்சிட்டுப் போன்னாங்க. வாங்கிக்கிற ஆளு வரல. சாவிய வெச்சிக்கினு உக்காந்துனு இருந்தேன்."

"சரி" என்றேன்.

வேறு என்ன சொல்வது? தூக்கி எறிஞ்சுட்டு வர்றதுக்கென்ன, சாவிதானே அது, தங்கமா? — இது இப்போது எழுதும்போதுதான் வருகிறது. அப்போது 'சரி'தான் இருந்தது.

5 நவம்பர்
ஹரிபிரசாத் ரூமுக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். உட்காரச் சொன்னபோதே தெரிந்தது.

"நீங்க எழுதினது கரெக்ட்டுன்னுதான் மேடம் சொன்னாரு. ஆனா இனிமே வேலை சென்னைல, ஷிஃப்ட்டு. ஒரு மெஷின்ல மூணு பேரு உக்காருவாங்க. கிளையன்ட் மெஷின்ல நம்ம எதையும் சேக்கக்கூடாதாம்." என் முகத்தைப் பார்க்காமல், "ஆட்-இன் இல்லாம உங்களால..." என்றான்.

இந்தத் தடவையும் மூடவில்லை. நானே மூடினேன். "முடியாதுப்பா."

கிளம்பும்போது, "உங்க மெஷினை எடுத்துட்டுப் போயிடுங்க மேடம், இங்க அது யாருக்கும் வேணாம். எல்லாம் அப்படியே மாட்டியே இருக்கு" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. கடைசி பெஞ்சுக்காரன். நான்தான் அவன் தோளைத் தட்டினேன், இடது கையால்.

8 நவம்பர்
மெஷின் வந்து இறங்கியது. சீரியல் நேரம். ரத்தினம்மா கூப்பிட்டாள். போனேன்.

19 நவம்பர்
ரூபாவுக்கு விசா வந்துவிட்டது. ஆட்-இன்னை ஃப்ளாப்பியில் போட்டு எடுத்துப் போகிறாள். "அமெரிக்காவுலயும் மல்லிகா வேலை செய்வாக்கா" என்றாள். நாத்தனாருக்குச் சொல்லவில்லை. சொன்னால் பாஸ்போர்ட் கேட்பாள்.

26 நவம்பர்
அவர் தகரப்பெட்டியோடு இறங்கி வந்தார். வாரத்தில் அவர் இறங்கும் நாள் இல்லை. "நம்ம ஓனரு மெஸ்ஸு ஒண்ணு இங்க கீழ இருக்குதில்ல. அதுலயே வேலை கேட்டுக்கினேன்" என்றார். பெட்டியை எங்கே வைப்பது என்று இருவரும் கொஞ்சநேரம் நின்றோம்.

29 நவம்பர்
ஆட்-இன்னில் ஒரு பெயரை மட்டும் எடுத்தேன். மல்லிகா இருக்கட்டும்.

3 டிசம்பர்
எப்போதோ நான் எழுதிக்கொடுத்த லாட்ஜ் பில் புரோகிராமில் வெந்நீருக்குத் தனியாக ஒரு கட்டம் வேண்டும் என்று லாட்ஜ் ஓனர் பாலசுந்தரம் வந்தார். என் மொட்டையைப் பார்த்து, "வேண்டுதல் பலிச்சிடுச்சாம்மா?" என்றார். முடி அரை விரல் வளர்ந்திருக்கிறது.

14 டிசம்பர்
வெந்நீர்க் கட்டம் எழுதிக்கொண்டிருந்தேன். வலது பக்கம் தரையில் அவர், மொச்சைக்காய் உரித்துக்கொண்டு. என் வலது கை மடியில் கிடந்தது, உணர்ச்சி இல்லை. எழுதிக்கொண்டே வந்த வேகத்தில், நடுவிலேயே வெளியேற வேண்டிய இடத்தில் பழக்கமாக அடித்துவிட்டேன்: கோவர்த்தனன். கீயைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. எடுத்துவிட்டதே மறந்துபோயிற்று. பெயர் மட்டும் திரையில் நின்றது.

அவர் நிமிர்ந்து திரையைப் பார்த்தார்.

"இன்னா?" என்றார்.